இலாப மேலாண்மை

இலாப மேலாண்மை என்பது, ஒரு நிறுவனத்தின் மேலாளர்கள் தாம் விரும்பும் அளவு இலாபம் கணக்கில் தோன்றும் வகையில் கணக்கியல் தெரிவுகளையோ வணிக முடிவுகளையோ கையாளுவதைக் குறிக்கும். ஆங்கிலத்தில் எர்னிங்ஸ் மேனேஜ்மெண்ட் என வழங்கும் இக்கலைச்சொல், நிறுவனத்தைத் திறம்பட நடத்தி இலாபம் ஈட்டுவதைக் குறிப்பதன்று. ஈட்டிய இலாபத்தின் தோற்றத்தை மாற்றுவதையே குறிக்கிறது. இதன் முதன்மையான வகை இலாபச் சமனாக்கம் ஆகும். நல்ல ஆண்டின் இலாபத்தில் ஒரு பகுதியை மறைத்து வைத்து மோசமான ஆண்டில் வெளிக்காட்டுவதன் மூலமோ, எதிர்கால இலாபத்தை முன்கூட்டியே கணக்கில் சேர்ப்பதன் மூலமோ ஏற்ற இறக்கமற்ற வளர்ச்சி இருப்பதாகக் காட்டுவது இலாபச் சமனாக்கம் எனப்படும்.

இலாப மேலாண்மை முழுவதும் சட்டத்திற்குப் புறம்பானது அன்று. கணக்கியல் தரங்கள் அனுமதிக்கும் தெரிவுகளுக்குள் நடப்பதும் உண்டு, பொய்யான பட்டியல்களை உருவாக்கும் மோசடியும் உண்டு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பகுதி மிக அகலமானது. இந்தியாவில் 2009 ஆம் ஆண்டு வெளிப்பட்ட சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் கணக்கு மோசடி, சிறிய இடைவெளியாகத் தொடங்கும் கையாளல் எவ்வாறு பெருகக்கூடும் என்பதற்கு முதன்மையான எடுத்துக்காட்டாகும்.

கணக்கியல் அடிப்படை

பணம் கைக்கு வரும்போது மட்டும் வருமானத்தையும், பணம் வெளியேறும்போது மட்டும் செலவையும் பதியும் முறை ரொக்க அடிப்படை எனப்படும். பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் இம்முறையைப் பின்பற்றுவதில்லை. அவை, பணி முடிந்தவுடன் வருமானத்தையும் கடப்பாடு தோன்றியவுடன் செலவையும் பதியும் நிகழ்வு அடிப்படையைப் பின்பற்றுகின்றன. இலங்கைத் தமிழ் நூல்களில் இது அட்டுறு அடிப்படை எனப்படுகிறது.

நிகழ்வு அடிப்படை ஒரு காலப்பகுதியின் உண்மையான செயல்திறனை நன்கு காட்டவல்லது. ஆனால் இதற்கு மதிப்பீடுகள் தேவை. வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய தொகையில் எவ்வளவு வாராக்கடன் ஆகும், ஒரு கணினி எத்தனை ஆண்டுகள் உழைக்கும், மூன்றாண்டுத் திட்டப்பணியில் இதுவரை எத்தனை விழுக்காடு முடிந்துள்ளது போன்ற வினாக்களுக்கு மேலாளர்களே விடையளிக்க வேண்டியுள்ளது. ஒவ்வொரு விடையும் இலாபத்தை மாற்றும். இலாப மேலாண்மைக்கு இடம் தருவது இந்த விருப்புரிமையே ஆகும்.

நோக்கங்கள்

மேலாளர்கள் இலாபத்தைக் கையாளுவதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் சில:

- சந்தை எதிர்பார்ப்பு: பகுப்பாய்வாளர்கள் கணித்த காலாண்டு இலாபத்தை எட்டத் தவறும் நிறுவனத்தின் பங்கு விலை வீழ்ச்சியடைவது வழக்கம்.
- ஊதியம்: மேலாளர்களின் ஊக்கத்தொகையும் பங்கு உரிமைகளும் இலாபத்துடன் இணைக்கப்பட்டிருக்கும். ஊக்கத்தொகைத் திட்டங்களுக்கும் கணக்கியல் தெரிவுகளுக்கும் உள்ள தொடர்பைப் பால் ஹீலி 1985 இல் ஆய்வு செய்து வெளியிட்டார்.
- கடன் உடன்படிக்கை: குறிப்பிட்ட இலாப விகிதத்தைப் பேணுவதாக வங்கிக்கு உறுதியளித்த நிறுவனம், அதனை மீறாதிருக்கக் கணக்கைச் சரிசெய்ய முற்படலாம்.
- அரசியல் காரணங்கள்: சில வேளைகளில் இலாபத்தைக் குறைத்துக் காட்டுவதே பயன் தரும். இறக்குமதிப் போட்டியிலிருந்து பாதுகாப்புக் கோரிய அமெரிக்க நிறுவனங்கள், விசாரணைக் காலத்தில் இலாபத்தைக் குறைத்துக் காட்டியதை ஜெனிபர் ஜோன்ஸ் 1991 இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துரைத்தது.

ஜான் கிரகாம், கேம்ப்பெல் ஹார்வி, சிவராம் ராஜகோபால் ஆகியோர் 2005 இல் வெளியிட்ட ஆய்வில் 401 நிதி அலுவலர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. சீரான இலாபத்தைக் காட்டுவதற்காக நிறுவனத்தின் நீண்டகால மதிப்பில் ஒரு பகுதியை இழக்கத் தயார் என அவர்களில் 78 விழுக்காட்டினர் கூறினர்.

வழிமுறைகள்

வழிமுறைகளை இரு பெரும் பிரிவுகளாகப் பிரிப்பர். ஏட்டில் மட்டும் மாற்றம் செய்வது கணக்கியல் வழி. வணிக நடவடிக்கையையே மாற்றுவது மெய் வழி.

கணக்கியல் வழிகள்

- சேமிப்பு ஒதுக்கு: நல்ல ஆண்டில் தேவைக்கு மிகுதியாக ஒதுக்குகளை ஏற்படுத்தி, மோசமான ஆண்டில் அவற்றை மீள இலாபத்தில் சேர்ப்பது.
- ஒரேயடித் துடைப்பு: நட்டம் உறுதியான ஆண்டில் எதிர்காலச் செலவுகளையும் சேர்த்தே காட்டிவிடுவது. தலைமை மாறும் ஆண்டுகளில் இது நிகழ்வதுண்டு. பழைய நிர்வாகத்தின் மீது பழி போகும், அடுத்த ஆண்டு இலாபம் உயரும்.
- வருமானத்தை முந்திப் பதிதல்: மார்ச் 31க்குப் பின் முடியவிருக்கும் பணியை அதற்கு முன்பே முடிந்ததாகப் பதிவது.
- செலவைச் சொத்தாக்குதல்: அந்த ஆண்டிலேயே காட்ட வேண்டிய செலவைச் சொத்தாகப் பதிந்து பல ஆண்டுகளுக்குப் பரப்புவது.
- மதிப்பீட்டு மாற்றம்: சொத்தின் ஆயுட்காலத்தை நீட்டித்து ஆண்டுத் தேய்மானத்தைக் குறைப்பது.

மெய் வழிகள்

ஆய்வு, விளம்பரம், பயிற்சி, பராமரிப்பு ஆகியவற்றை ஒத்திவைத்தல், காலாண்டின் இறுதி நாட்களில் பெருந்தள்ளுபடி தந்து விற்பனையை உயர்த்துதல், இலாபம் தரும் முதலீட்டை விற்றல் ஆகியன இப்பிரிவில் அடங்கும். இவற்றில் எந்தக் கணக்கியல் தரமும் மீறப்படுவதில்லை. ஆகவே தணிக்கையாளர் இவற்றைக் குறையாகச் சுட்டுவது அரிது. எனினும் நிறுவனத்திற்கு நேரும் இழப்பு உண்மையானது.

எண் எடுத்துக்காட்டு

சென்னை வேளச்சேரியில் அலுவலகம் கொண்டுள்ள, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட மென்பொருள் நிறுவனம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுகளில் அதன் உண்மை இலாபம் முறையே 80, 130, 70, 120 கோடி ரூபாய் எனவும், அது ஒவ்வோர் ஆண்டும் 100 கோடி ரூபாய் இலாபம் காட்டியது எனவும் கொள்வோம். நான்கு ஆண்டுகளின் மொத்தம் இரு வகையிலும் 400 கோடியே. முதலாண்டில் கடனாகப் பெற்ற 20 கோடி இரண்டாம் ஆண்டில் திரும்பச் செலுத்தப்பட்டது. மூன்றாம் ஆண்டின் குறை நான்காம் ஆண்டில் நிரம்பியது. இலாபச் சமனாக்கம் இலாபத்தை உருவாக்குவதில்லை, ஓர் ஆண்டிலிருந்து மற்றோர் ஆண்டிற்கு நகர்த்த மட்டுமே செய்கிறது என்பது இதனால் விளங்கும்.

இனி, நல்ல ஆண்டு திரும்பி வராத நிலையைக் காண்போம்.

- முதலாம் ஆண்டு: உண்மை இலாபம் 80, காட்டிய இலாபம் 100, திரண்ட இடைவெளி 20
- இரண்டாம் ஆண்டு: உண்மை இலாபம் 75, காட்டிய இலாபம் 110, திரண்ட இடைவெளி 55
- மூன்றாம் ஆண்டு: உண்மை இலாபம் 70, காட்டிய இலாபம் 120, திரண்ட இடைவெளி 105
- நான்காம் ஆண்டு: உண்மை இலாபம் 65, காட்டிய இலாபம் 130, திரண்ட இடைவெளி 170

உண்மை இலாபம் ஆண்டுக்கு 5 கோடி மட்டுமே குறைந்தபோதும், திரண்ட இடைவெளி நான்கு ஆண்டுகளில் 170 கோடியாகிவிட்டது. இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு பொய் இலாபத்திற்கும் எதிர்ப்பதிவு தேவை. எனவே இந்த 170 கோடி ரூபாய் இருப்புநிலைக் குறிப்பில் இல்லாத கடனாளிகளாகவோ, இல்லாத சரக்கிருப்பாகவோ, இல்லாத வங்கி இருப்பாகவோ காட்டப்பட வேண்டும். அல்லது உள்ள பொறுப்பு ஒன்று மறைக்கப்பட வேண்டும். இலாப நட்டக் கணக்கு ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கும். இருப்புநிலைக் குறிப்போ பழைய பொய்களை அடுத்த ஆண்டிற்கும் சுமந்து செல்லும்.

சத்யம் நிறுவனம்

சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் 1987 இல் ஐதராபாத்தில் பி. இராமலிங்க ராஜு என்பவரால் நிறுவப்பட்டது. இந்தியப் பங்குச் சந்தைகளிலும் 2001 முதல் நியூயார்க் பங்குச் சந்தையிலும் பட்டியலிடப்பட்ட இந்நிறுவனம், நாட்டின் முன்னணி மென்பொருள் ஏற்றுமதி நிறுவனங்களுள் ஒன்றாக விளங்கியது. நிறுவன ஆளுகைக்கான தங்க மயில் விருதை 2008 செப்டம்பரில் பெற்றது.

2008 டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தாருடன் தொடர்புடைய மேட்டாஸ் நிறுவனங்களை 160 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கப்போவதாகச் சத்யம் அறிவித்தது. முதலீட்டாளர்களின் கடும் எதிர்ப்பால் இம்முடிவு சில மணி நேரத்தில் கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று ராஜு இயக்குநர் குழுவிற்கு எழுதிய கடிதத்தில், கணக்குகள் பொய்யானவை என ஒப்புக்கொண்டார். இல்லாத சொத்துகளை உண்மைச் சொத்துகளால் நிரப்பும் இறுதி முயற்சியே மேட்டாஸ் கொள்முதல் என்றும் அதில் குறிப்பிட்டார்.

கடிதத்தின்படி, 2008 செப்டம்பர் 30 ஆம் நாள் நிலை வருமாறு:

- ஏட்டில் காட்டிய ரொக்கம் மற்றும் வங்கி இருப்பு 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லாதது.
- சேர்ந்துள்ள வட்டியாகக் காட்டப்பட்ட 376 கோடி ரூபாய் இல்லாதது.
- கடனாளிகள் 2,651 கோடி ரூபாய் எனக் காட்டப்பட்டனர். அதில் 490 கோடி மிகைப்படுத்தப்பட்டது.
- 1,230 கோடி ரூபாய்ப் பொறுப்பு காட்டப்படவில்லை.

அக்காலாண்டின் வருவாய் 2,700 கோடி எனக் காட்டப்பட்டது; உண்மை வருவாய் 2,112 கோடி. செயல்பாட்டு இலாபம் 649 கோடி எனக் காட்டப்பட்டது. உண்மை அளவு 61 கோடி. அதாவது 24 விழுக்காடாகத் தோன்றிய இலாப விகிதம் உண்மையில் 3 விழுக்காடே. வருவாயில் உள்ள வேறுபாடு 588 கோடி, செயல்பாட்டு இலாபத்தில் உள்ள வேறுபாடும் 588 கோடி. அந்த ஒரு காலாண்டில் பொய்யாக உயர்ந்த வங்கி இருப்பும் அதே 588 கோடி என்பது குறிப்பிடத்தக்கது. மேலே கண்ட எண் எடுத்துக்காட்டில் கூறப்பட்ட எதிர்ப்பதிவு இங்கு வங்கி இருப்பாக அமைந்தது.

உண்மைச் செயல்பாட்டு இலாபத்திற்கும் ஏட்டிலுள்ள இலாபத்திற்கும் தொடக்கத்தில் இருந்த சிறு இடைவெளியே ஆண்டுகள் செல்லச் செல்லக் கட்டுக்கடங்காமல் வளர்ந்தது என ராஜு விளக்கினார். நிறுவனர்கள் வசம் குறைந்த பங்குகளே இருந்ததால், மோசமான முடிவுகள் நிறுவனத்தைப் பிறர் கைப்பற்ற வழிவகுக்கும் என்ற அச்சம் இருந்ததாகவும் கூறினார். இறங்கும் வழி தெரியாமல் புலி மீது சவாரி செய்ததற்கு அவர் அந்நிலையை ஒப்பிட்டார்.

ஆயிரக்கணக்கான பொய் விலைப்பட்டியல்கள் உருவாக்கப்பட்டதாக விசாரணைகள் கண்டறிந்தன. அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் இவற்றின் எண்ணிக்கை 6,000க்கும் மேல் எனக் கூறியது. பட்டியல் மேலாண்மை மென்பொருளில் உயர் அதிகாரம் கொண்ட பயனர் கணக்கு வழியாக இவை நுழைக்கப்பட்டு, திட்டப்பணிகளைக் கவனித்த ஊழியர்களின் பார்வையிலிருந்து மறைக்கப்பட்டன என நடுவண் புலனாய்வுச் செயலகம் குற்றஞ்சாட்டியது.

விளைவுகள்

கடிதம் வெளியான அன்று மும்பைப் பங்குச் சந்தையில் சத்யம் பங்கின் விலை ஏறத்தாழ 78 விழுக்காடு வீழ்ந்தது. ஏறத்தாழ 50,000 ஊழியர்களின் வேலை கேள்விக்குறியானது. நடுவண் அரசு பழைய இயக்குநர் குழுவைக் கலைத்துப் புதிய குழுவை அமைத்தது. கிரண் கார்னிக், தீபக் பரேக், சி. அச்சுதன் ஆகியோருடன், இந்தியப் பட்டயக் கணக்கறிஞர் கழகத்தின் முன்னாள் தலைவரும் சென்னையைச் சேர்ந்த கணக்கறிஞருமான டி. என். மனோகரனும் இதில் இடம்பெற்றார். ஏட்டில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இருப்புக் காட்டிய நிறுவனம் நாளாந்தச் செலவுகளைச் சமாளிக்க, இக்குழு வங்கிகளிடம் 600 கோடி ரூபாய் கடன் பெற வேண்டியிருந்தது.

2009 ஏப்ரலில் டெக் மகிந்திரா நிறுவனம் ஏலத்தில் சத்யத்தைப் பெற்றது. திருத்திய கணக்குகள் 2010 செப்டம்பரில் வெளியிடப்பட்டன. அவற்றின்படி 2008-09 ஆம் ஆண்டின் நட்டம் ஏறத்தாழ 8,177 கோடி ரூபாய். சத்யம் 2013 இல் டெக் மகிந்திராவுடன் இணைக்கப்பட்டது. ஐதராபாத் சிறப்பு நீதிமன்றம் 2015 ஏப்ரல் 9 அன்று ராஜு உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டை அடுத்து அதே ஆண்டு மே மாதம் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு அவர்கள் பிணையில் விடப்பட்டனர்.

வங்கி இருப்பையும் கடனாளிகளையும் மூன்றாம் தரப்பிடம் உரிய முறையில் உறுதிசெய்யத் தவறியதற்காக, தணிக்கை செய்த பிரைஸ் வாட்டர்ஹவுஸ் குழும இந்திய நிறுவனங்கள் மீது அமெரிக்க அமைப்புகள் நடவடிக்கை எடுத்தன. 2011 ஏப்ரலில் அவை மொத்தம் 75 இலட்சம் டாலர் தண்டத்தொகை செலுத்த இணங்கின.

வங்கிகளில் இலாப மேலாண்மை

வங்கிகளைப் பொறுத்தவரை வாராக்கடனுக்கான ஒதுக்கே மிகப் பெரிய மதிப்பீடு ஆகும். வட்டி உண்மையில் வசூலாகாதபோதும் அதனை வருமானமாகக் காட்டும் வழக்கத்திற்கு, நரசிம்மம் குழுவின் 1991 ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து 1992-93 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் தடை விதித்தன. எனினும் பழைய கடனை அடைக்கப் புதிய கடன் வழங்கி, அது வாராக்கடன் ஆகாதது போலக் காட்டும் வழி எஞ்சியது.

வங்கிகள் அறிவிக்கும் வாராக்கடனுக்கும் இந்திய ரிசர்வ் வங்கி கண்டறியும் அளவிற்கும் உள்ள வேறுபாடு குறிப்பிட்ட வரம்பை மீறினால் அதனை வெளியிட வேண்டும் என 2017 ஏப்ரலில் ஆணையிடப்பட்டது. இதன்படி, 2015-16 ஆம் ஆண்டிற்கு யெஸ் வங்கி 749 கோடி ரூபாய் எனக் காட்டிய மொத்த வாராக்கடன், ரிசர்வ் வங்கியின் மதிப்பீட்டில் 4,926 கோடி ரூபாய் என்பது வெளியானது. இவ்வங்கி 2020 மார்ச்சில் தற்காலிகத் தடைக்குள்ளானபோது வைப்பாளர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க இயலாதிருந்தது.

பிற நாடுகள்

1998 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தின் அப்போதைய தலைவர் ஆர்தர் லெவிட், இலாப மேலாண்மையைக் கண்டித்து ஆற்றிய உரை பரவலான கவனத்தைப் பெற்றது. போதிய ஆதாரமின்றி ஒதுக்குகளைப் பேணியது தொடர்பாக மைக்ரோசாப்ட் நிறுவனம் 2002 இல் அதே ஆணையத்துடன் தண்டத்தொகையின்றி உடன்பாடு கண்டது. அவ்வாண்டே வேர்ல்டுகாம் நிறுவனம் 380 கோடி டாலர் செலவைச் சொத்தாகக் காட்டியது வெளிப்பட்டது. ஜப்பானின் தோசிபா நிறுவனம் ஏறத்தாழ ஏழாண்டுக் காலத்தில் 15,000 கோடி யென்னுக்கு மேல் இலாபத்தை மிகைப்படுத்தியதாகச் சுயேச்சைக் குழு 2015 இல் அறிவித்தது. எட்டுவதற்கரிய இலக்குகளை மேலிடம் விதித்ததே இதற்குக் காரணம் என அக்குழு கூறியது.

இந்தியாவில் ஒழுங்குமுறை

பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் காலாண்டு முடிவுகளை 45 நாட்களுக்குள்ளும் ஆண்டு முடிவுகளை 60 நாட்களுக்குள்ளும் வெளியிட வேண்டும் எனச் செபியின் 2015 ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. சத்யம் நிகழ்வுக்குப் பின் இயற்றப்பட்ட 2013 ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், தணிக்கை நிறுவனங்களைச் சுழற்சி முறையில் மாற்றுவதைக் கட்டாயமாக்கியது. மோசடிக்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கவும் வகைசெய்தது. அச்சட்டத்தின் கீழ், தணிக்கையாளர்களைக் கண்காணிக்கும் தேசிய நிதி அறிக்கை ஆணையம் 2018 அக்டோபரில் அமைக்கப்பட்டது.

2016 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கியல் தரங்கள், எதிர்காலச் செயல்பாட்டு நட்டத்திற்காக இன்றே ஒதுக்கு ஏற்படுத்துவதை அனுமதிப்பதில்லை. சேமிப்பு ஒதுக்கு முறைக்கு இது ஒரு தடையாகும். 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும், முடக்க இயலாத தடப்பதிவு வசதி கொண்ட கணக்கியல் மென்பொருளையே நிறுவனங்கள் பயன்படுத்த வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது.

கண்டறியும் முறைகள்

நிறுவனத்தின் உள்ளே இல்லாதவர் ஒருவர் இலாப மேலாண்மையை உறுதியாக நிறுவுவது கடினம். எனினும் ஆண்டறிக்கையிலிருந்தே சில அறிகுறிகளைக் காணலாம்.

- இலாபம் ஆண்டுதோறும் உயர, செயல்பாடுகளிலிருந்து வரும் ரொக்கம் உயராதிருத்தல்.
- விற்பனையை விடக் கடனாளிகளும் பட்டியலிடப்படாத வருவாயும் விரைவாக வளர்தல்.
- பெருந்தொகை வங்கி இருப்பைக் காட்டும் நிறுவனம், அதற்கேற்ற வட்டி வருமானம் பெறாதிருத்தல் அல்லது காரணமின்றிக் கடன் வாங்குதல்.
- கணக்கியல் கொள்கைகளும் மதிப்பீடுகளும் அடிக்கடி மாறுதல்.
- தணிக்கையாளரோ நிதித் தலைவரோ திடீரென விலகுதல்.
- நிறுவனர்கள் தம் பங்குகளைப் பெருமளவு அடகு வைத்திருத்தல்.

இலாபத்தில் ரொக்கமல்லாத பகுதி மிகுந்த நிறுவனங்களின் இலாபம் நீடித்திருப்பதில்லை என ரிச்சர்டு சுலோன் 1996 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எட்டு விகிதங்களைக் கொண்டு கையாளலின் வாய்ப்பை அளவிடும் முறையை மெசோட் பெனிஷ் 1999 இல் வெளியிட்டார். இத்தகைய முறைகள் ஐயத்தை எழுப்ப மட்டுமே உதவும், குற்றத்தை நிறுவா. மேலும், சத்யத்தைப் போல வங்கி இருப்பே பொய்யாக இருக்குமாயின் ரொக்கத்தை அடிப்படையாகக் கொண்ட சோதனைகளும் ஏமாறக்கூடும். அந்நிலையில் வங்கியிடமிருந்து தணிக்கையாளர் நேரடியாகப் பெறும் உறுதிப்பாடு ஒன்றே பயன் தரும்.

கருத்து வேறுபாடுகள்

இலாபச் சமனாக்கம் எப்போதும் தீங்கானது என்பதை அனைவரும் ஏற்பதில்லை. தற்செயலான ஏற்ற இறக்கங்களை நீக்கிக் காட்டுவதன் மூலம், நிறுவனத்தின் நீண்டகால இலாபத் திறனைப் பற்றித் தாம் அறிந்ததை மேலாளர்கள் முதலீட்டாளர்களுக்கு உணர்த்த இயலும் என ஒரு சாரார் வாதிடுகின்றனர். நல்ல காலத்தில் வங்கிகள் மிகுதியாக ஒதுக்கி வைப்பது நெருக்கடிக் காலத்தில் உதவும் என்ற கருத்தும் உண்டு.

ஏற்ற இறக்கமும் ஒரு தகவலே என்பது எதிர்த்தரப்பின் வாதம். பங்கு வாங்குபவர், கடன் தருபவர், வேலையில் சேர்பவர் ஆகியோர் தாம் ஏற்கும் இடரை அறிந்துகொள்ள அதுவே உதவுகிறது. அதனை மறைக்கும்போது இடர் குறைவதில்லை. அறியாதவர் தலையில் அது ஏற்றப்படுகிறது. ஒதுக்கு எவ்வளவு, எக்காரணத்திற்காக ஏற்படுத்தப்பட்டது, எப்போது திரும்ப எடுக்கப்பட்டது ஆகிய விவரங்கள் ஆண்டறிக்கையில் வெளிப்படையாகத் தரப்படுமானால், முதல் தரப்பினர் கூறும் பயன் இழக்கப்படாமலேயே இரண்டாம் தரப்பினரின் குறை பெருமளவு நீங்கும்.